இசைக்குழு ஜப்பானியம்: வாசகர் கேள்வி – பதில்

ஜப்பானிய இசைக்குழுக்களைப் பற்றிப் பேச என்னென்ன சொற்கள் வேண்டும் என்று கேட்டு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அதனால் இந்த மாதப் பகுதி முழுவதும் அதற்குத்தான். டோக்கியோவின் நிஷி-கசாயில் தமிழ்க் குடும்பங்களுக்கு ஜப்பானியம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. சனிக்கிழமை ராத்திரிகளில் சின்ன அரங்குகளில் நின்று பாட்டுக் கேட்பது என் பெரிய ஆசை. இரண்டும் ஒரே பக்கத்தில் சேர்ந்து வருவதில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி.

கேள்வி: அக்கா, அனிமே பாடல்கள் வழியாக ஜப்பானிய ராக் கேட்கத் தொடங்கினேன். ஹிராகனா, கதாகனா எழுத்துகள் இரண்டும் படித்துவிட்டேன். எனக்குப் பிடித்த குழுவை ஒரு ஜப்பானியத் தோழிக்கு அறிமுகப்படுத்த எங்கிருந்து தொடங்குவது?
– கல்லூரி மாணவி, கோவை

சொற்பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரே ஒரு குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய கதையைச் சொல்ல என்ன சொல் வேண்டுமோ அதை மட்டும் படியுங்கள். ஒரு குழுவின் கதை முழுதாக வந்துவிட்டால் மற்ற எல்லாக் குழுக்களுக்கும் அதே சொற்கள்தான்.

நான் ஸ்பிட்ஸ் குழுவை எடுத்துக்கொள்கிறேன். 1987-இல் சேர்ந்த நான்கு பேர், இன்றுவரை அதே நான்கு பேர். சொல்லிக்கொடுக்க வசதியான குழு, கேட்கவும் அருமையான குழு. முதல் வாக்கியம் இது: "சுபித்சு வா யொனின்குமி நொ ரொக்கு பந்தொ தெஸு." ஸ்பிட்ஸ் நான்கு பேர் கொண்ட ராக் குழு. 'பந்தொ'வை, பந்தம் என்று சொல்லும்போது வரும் பகர ஒலியோடு சொல்லுங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது யொனின்குமி. 'நின்' என்றால் பேர், 'குமி' என்றால் சேர்ந்த கூட்டம். தனியாக வந்தால் 'குமி'யின் ககரம் வல்லொலி. எண்ணோடு ஒட்டும்போது, நாம் 'நான்கு' என்பதைச் சொல்கிற மாதிரி மெலிந்துவிடும். மூன்று பேர் ஸன்னின்குமி, ஐந்து பேர் கொனின்குமி (முதல் ககரம் கோவிந்தன் என்பதில் வருவதுபோல). இரண்டு பேர் மட்டும் தனி வழி: ஃபுதரிகுமி. நான்குக்கு 'ஷி' என்றும் ஒரு சொல் உண்டு. ஆனால் ஆட்களை எண்ணும்போது அதைத் தொடவே கூடாது. 'ஷினின்' என்றால் இறந்தவர் என்று பொருளாகிவிடும்.

அடுத்த வாக்கியம்: "1987-நென் நி கெஸ்ஸே ஷிமஷித." 1987-இல் தொடங்கினார்கள். கெஸ்ஸே என்பது செய்தித்தாளிலும் குழுவின் வரலாற்றுக் குறிப்பிலும் வரும் சொல். நண்பர்களுக்குள் பேசும்போது 'பந்தொ ஒ குமு' என்பார்கள். குமு என்றால் கோத்துக்கொள்வது, பின்னிச் சேர்ப்பது. கையைக் கட்டிக்கொள்வதற்கும் காலை மடித்து உட்காருவதற்கும் இதே வினைதான். யொனின்குமியில் வரும் குமியும் இதிலிருந்து பிறந்ததுதான். இந்த ஒரு வேரைப் பிடித்துவிட்டால் இரண்டு சொற்கள் சேர்ந்தே மனதில் நிற்கும்.

அப்புறம் 1991: "மெஜா தெப்யூ." பெரிய இசைத்தட்டு நிறுவனம் வழியாக முதல் வெளியீடு. அதற்கு முன் இருக்கும் காலம் 'இந்தீஸு'. ரசிகர்கள் இந்த இரண்டையும் பிரித்துத்தான் பேசுவார்கள். 'இந்தீஸு காலத்திலிருந்தே கேட்கிறேன்' என்று சொல்வதில் அவர்களுக்கு ஒரு பெருமை.

யார் என்ன வாசிக்கிறார்கள் என்பதற்கு ஆங்கிலச் சொற்களே ஜப்பானிய உச்சரிப்பில் வருகின்றன: போகரு, கிதா, பேஸு, தொரமு. பாடுகிறவரையும் போகரு என்றே சொல்லலாம்: "போகரு வா குஸனொ மஸமுனெ-ஸன் தெஸு." குறில் நெடில் நமக்குப் பிறவியிலேயே வந்த சொத்து, அதை இங்கே பயன்படுத்துங்கள். பேஸு என்பதில் நெடிலைக் குறைத்தால் கேட்பவருக்குப் புரியாது.

ஆல்பத்தை எண்ணும் முறையையும் சொல்லிவிடுகிறேன். தட்டையான பொருள்களுக்கு 'மை' என்ற எண்ணுச்சொல். தாள், தட்டு, சட்டை, டிக்கெட், இசைத்தட்டு எல்லாம் அதில் அடங்கும். மூன்றாவது ஆல்பம் 'ஸன்மைமெ நொ அருபமு'. இன்றைக்குக் கைப்பேசியில் மட்டும் வெளிவரும் ஆல்பத்தையும் மை போட்டே எண்ணுகிறார்கள். பாட்டுக்கு 'க்யொகு': ஒரு பாட்டு இக்க்யொகு, புதுப் பாட்டு ஷின்க்யொகு, காலத்தை வென்ற பாட்டு மேக்க்யொகு.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். தமிழில் எல்லாவற்றையும் குழு என்றே சொல்லிவிடுகிறோம். ஜப்பானியத்தில் கருவி வாசித்தால்தான் பந்தொ. பாடி ஆடுகிறவர்கள் குரூபு. இரண்டு மூன்று பேர் ஒரு குறிப்பிட்ட இசைக்காகச் சேர்ந்தால் 'யுனித்தொ' என்பார்கள். ஹிரோஷிமாவிலிருந்து வந்த மூன்று பெண்களின் பெர்ஃப்யூம் குழுவைத் தெக்னொ-பொப்பு யுனித்தொ என்று எழுதுவதைப் பார்க்கலாம். அவர்களைப் பந்தொ என்று யாரும் சொல்வதில்லை.

கேள்வி: என் மகள் ஏ.கே.பி.48 குழுவின் ரசிகை. குழுவிலிருந்து ஒரு பெண் 'பட்டம் பெற்றுவிட்டாள்' என்று சொல்லி அழுகிறாள். இது பாட்டுக் குழுவா, பள்ளிக்கூடமா?
– ஒரு தந்தை, மதுரை

பாட்டுக் குழுதான் ஐயா. உங்கள் மகள் சொன்ன சொல் 'ஸொட்சுக்யோ'. பள்ளிப் படிப்பை முடித்து வெளியேறுவதற்கான அதே சொல். இளம் பெண்கள் சேர்ந்து பாடும் ஐடல் குழுக்களில் ஒருவர் விலகுவதற்கு இதைத்தான் சொல்வார்கள். 1985-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியிலிருந்து ஒன்யான்கோ கிளப் என்ற குழு பிறந்தது. உறுப்பினர்களில் பள்ளி மாணவிகள் நிறையப் பேர். வெளியேறுவதை ஸொட்சுக்யோ என்று சொல்லும் பழக்கம் அங்கிருந்து பரவியது. அந்தக் குழுவுக்குப் பாடல் எழுதிய அகிமொதோ யசுஷிதான் 2005-இல் டோக்கியோவின் அகிஹபராவில் ஏ.கே.பி.48-ஐத் தொடங்கினார். ஊர்ப்பெயரின் சுருக்கம்தான் குழுவின் பெயர். 2012 ஆகஸ்டில் அதன் மையப் பாடகி மயேதா அத்சுகோ ஸொட்சுக்யோ செய்தபோது அது நாடு முழுக்கச் செய்தியானது. உங்கள் மகளின் கண்ணீர் அங்கே யாருக்கும் வியப்பாகத் தெரியாது.

பள்ளி வாசனை மற்ற சொற்களிலும் உண்டு. முதலில் சேர்ந்தவர்கள் 'இக்கிஸே', அதாவது முதல் அணி மாணவர்கள். அடுத்தவர்கள் 'நிகிஸே'. நடுவில் நிற்பவர் 'ஸென்தா'.

ராக் குழுக்களில் இந்தச் சொல் பெரும்பாலும் வராது. அங்கே விலகுவது 'தத்தை', சேர்வது 'கன்யூ'. தத்தையின் முதல் எழுத்தைத் தயிர் என்பதுபோல இல்லாமல் தர்மம் என்பதுபோல மெலிதாகச் சொல்ல வேண்டும். தமிழில் தத்தை என்றால் கிளி இல்லையா? கூட்டைவிட்டுப் பறந்த கிளி என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கும் மறக்காது. மகளிடம் ஒருநாள் "தரெ கா ஸொட்சுக்யோ ஷிமஷித கா?" என்று கேட்டுப் பாருங்கள். யார் ஸொட்சுக்யோ செய்தார் என்று பொருள் ('கா' முதலில் வருவது மெல்லொலி, கடைசியில் வருவது வல்லொலி).

கேள்வி: ஒரு குழு 'கைஸன்' என்கிறது, இன்னொன்று 'கட்சுதோ க்யூஷி' என்கிறது. இரண்டும் கலைந்துபோவதுதானே?
– வாசகி, சென்னை

இல்லவே இல்லை. ரசிகரிடம் பேசும்போது இந்த இரண்டையும் மாற்றிச் சொன்னால் மனம் நோகும்.

கைஸன் என்பது முழுதாகக் கலைவது. ஸ்மாப் என்ற ஆண்கள் பாட்டுக் குழு 2016-இன் கடைசி நாளோடு கைஸன். கட்சுதோ க்யூஷி என்றால் செயல்பாட்டை நிறுத்திவைப்பது. அரஷி என்ற ஐந்து பேர் குழு 2019 ஜனவரியில் அறிவித்து, 2020 முடியும்வரை பாடிவிட்டு நிறுத்தியதே, அது கட்சுதோ க்யூஷி. பெயர் அப்படியே இருக்கும், ரசிகர் திரும்பி வருவார்கள் என்று காத்திருக்கலாம். இதற்கு முன்னால் 'முகிகென்' என்று ஒரு சொல் சேர்ந்தால் காலவரையறை இல்லை என்று பொருள். அப்போது ரசிகர்கள் முகம் வாடிவிடும். இன்னும் மென்மையாகச் சொல்ல 'ஜூதென் கிகன்' என்றும் ஒன்று உண்டு. ஜூதென் என்றால் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றுவது. கொஞ்ச நாள் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருகிறோம் என்கிறார்கள்.

கைஸன் என்ற சொல்லுக்கு ஜப்பானில் இருக்கும் கனம் புரிய வேண்டுமானால் கேண்டீஸ் கதை தெரிய வேண்டும். மூன்று இளம் பெண்கள். 1977 கோடையில் ஹிபியா திறந்தவெளி அரங்க மேடையில், புகழின் உச்சியில் இருந்தபோதே, சாதாரணப் பெண்களாகத் திரும்ப ஆசைப்படுகிறோம் என்று அழுதுகொண்டே சொன்னார்கள். 1978 ஏப்ரல் 4-இல் கொரகுவென் மைதானத்தில் கடைசி நிகழ்ச்சி. அன்று சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று தாத்தாக்கள். அந்தத் தேதியைச் சொன்னால் இப்போதும் அவர்களுக்குக் குரல் மாறும். அதே காலத்தின் இருவர் குழு பிங்க் லேடி 1981-இல் கைஸன் செய்து, 2010-இல் 'கைஸன் யமெ' என்று அறிவித்தது. யமெ என்றால் போதும், நிறுத்தியாயிற்று. கலைந்ததையே கைவிட்டுவிட்டார்கள்! எக்ஸ் ஜப்பான் என்ற ராக் குழு 1997-இல் கைஸன், 2007-இல் 'ஸைகெஸ்ஸே'. முதல் கேள்வியில் பார்த்த கெஸ்ஸேயின் முன்னால், மறுபடியும் என்ற பொருளில் 'ஸை' சேர்ந்திருக்கிறது.

இவற்றில் என் மனதுக்கு மிக நெருக்கமானது யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா செய்தது. ஹொஸோனோ ஹருஒமி, தகஹஷி யுகிஹிரோ, ஸகமொதோ ர்யூஇசி மூவரும் 1978-இல் சேர்ந்தார்கள். 1983-இல் பிரிந்தபோது கைஸன் என்று சொல்ல மறுத்து 'ஸன்-கை' என்றார்கள். கட்டை அவிழ்த்துக் கலைவது கைஸன். படைவீரர்கள் இடைவெளி விட்டுப் பரந்து விரிவது ஸன்-கை. ஓசையைத் திருப்பிப் போட்டதுபோல இருக்கிறது, பொருளிலோ கலைவது போய் விரிவது வந்துவிட்டது. 1993-இல் மறுபடி சேர்ந்தபோது ஸைகெஸ்ஸே என்றும் சொல்லவில்லை. 'ஸைஸே' என்றார்கள், உயிர்த்தெழுதல். ஒலிநாடாவை ஓடவிடும் பொத்தானிலும் அதே ஸைஸேதான் எழுதியிருக்கும். தங்கள் பிரிவுக்கும் சேர்க்கைக்கும் தாங்களே சொல் தேர்ந்தெடுத்த குழு அது. இன்றும் ஜப்பானியப் பத்திரிகைகள் அவர்களைப் பற்றி எழுதும்போது அந்தச் சொற்களையே மரியாதையோடு பயன்படுத்துகின்றன. நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

கேள்வி: வேலைக்காக யோகஹாமா வந்திருக்கிறேன். அலுவலகத் தோழர் தன் நண்பர்கள் வாசிக்கும் ஷிமொகிதஸவா லைவ் ஹவுஸ் ஒன்றுக்குக் கூப்பிட்டிருக்கிறார். வாசலில் என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும்?
– மென்பொருள் பொறியாளர், யோகஹாமா

கட்டாயம் போங்கள் தம்பி. ஷிமொகிதஸவா சின்னச் சின்ன அரங்குகள் நிறைந்த பேட்டை. இதற்கான இடத்தை 'ரைபு ஹவுஸு' என்பார்கள், நிகழ்ச்சி 'ரைபு'. பெரும்பாலும் தரைக்குக் கீழே, குறுகிய படிக்கட்டு இறங்கிப் போக வேண்டியிருக்கும்.

வாசல் மேசையில் டிக்கெட் கேட்பார்கள். முன்பே வாங்கியது 'மஎஉரி', அன்றைக்கு வாசலில் வாங்குவது 'தோஜிட்சுகென்'. இரண்டாவது கொஞ்சம் விலை கூடுதல். டிக்கெட் காசோடு தனியாக 'தொரின்கு தை' வாங்குவார்கள். ஒரு பானத்துக்கான காசு, பெரும்பாலும் 500, 600 யென் வாக்கில். இந்த அரங்குகளில் பல சட்டப்படி உணவகமாகப் பதிவானவை, அதனால்தான் இந்தப் பழக்கம். வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. கையில் ஒரு வில்லையோ சீட்டோ தருவார்கள், உள்ளே கொடுத்துக் குடிக்கலாம். மது வேண்டாம் என்றால் "ஊரொன்சா குதஸை" என்று சொன்னால் ஊலாங் தேநீர் கிடைக்கும்.

அப்புறம் ஒரு கேள்வி வரும், அதுதான் முக்கியம்: "ஒமெஅதெ வா?" இன்றைக்கு எந்தக் குழுவைப் பார்க்க வந்தீர்கள் என்று பொருள். எல்லாக் குழுவையும் பார்க்கத்தான் என்று சொல்லத் தோன்றும். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். தோழரின் நண்பர்கள் குழுவின் பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஒரே மாலையில் நான்கைந்து குழுக்கள் மாறி மாறி வாசிப்பதற்குத் 'தைபன்' என்று பெயர். அப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் ஒவ்வொரு குழுவுக்கும் இத்தனை டிக்கெட் விற்க வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கும். அதன் பெயர் 'நொருமா'. ரஷ்ய மொழிச் சொல், போருக்குப் பிறகு சைபீரிய முகாம்களிலிருந்து திரும்பிய ஜப்பானியர்களோடு வந்தது. நொருமா நிறையவில்லை என்றால் குறையும் காசை அந்த இளைஞர்களே கையிலிருந்து கட்ட வேண்டும். பகலில் கடையில் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிற பிள்ளைகள் அவர்கள். வாசலில் நீங்கள் சொல்லும் அந்த ஒரு பெயர் அவர்கள் கணக்கில் ஒரு டிக்கெட்டாக ஏறும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

தைபனுக்கு எதிரானது 'வன்மன்'. மாலை முழுக்க ஒரே குழுவின் நிகழ்ச்சி. ஐந்து பேர் இருந்தாலும் வன்மன்தான். இரண்டு குழு என்றால் 'ட்சூமன்'. பாட்டுகளுக்கு நடுவே குழுவினர் பேசுவதை 'எமுஷீ' என்பார்கள். தனியாக ஒரு தொகுப்பாளர் வருவார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

முடிந்ததும் பின்பக்க மேசையில் சட்டை, துண்டு, இசைத்தட்டு விற்பார்கள். அது 'புப்பன்'. சின்ன அரங்கில் பெரும்பாலும் வாசித்தவர்களே வந்து நிற்பார்கள். ஒரு இசைத்தட்டு வாங்கிக்கொண்டு "யொகத்த தெஸு", நன்றாக இருந்தது, என்று சொல்லுங்கள். இங்கே ஒரு மரியாதை முறை உண்டு. நேரில் பேசும்போது பல பேர் குழுவின் பெயரோடும் 'ஸன்' சேர்ப்பார்கள், ஸ்பிட்ஸ்-ஸன் என்பது மாதிரி. தொலைக்காட்சி அறிவிப்பாளர்கள் 'நொ மினஸன்' என்று முடிப்பார்கள். நம் 'ங்க' போலத்தான், விட்டுவிட்டால் தப்பில்லை, சேர்த்தால் அழகு.

கேள்வி: 'எனக்கு இந்தக் குழுவைப் பிடிக்கும்' என்பதை எப்படிச் சொல்வது மேடம்? 'ஒஷி' என்றால் என்ன?
– பிளஸ் ஒன் மாணவன், திருச்சி

"கொனொ பந்தொ கா ஸுகி தெஸு." தமிழில் 'குழுவை' என்று ஐ சேர்ப்பதால் நம் பிள்ளைகள் இங்கே 'ஒ' போட்டுவிடுகிறார்கள். 'கா' போட வேண்டும். அதற்கும் ககரம் மெல்லொலிதான்.

ஒஷி என்பது நீ முழு மனதோடு ஆதரிக்கும் ஆள். தள்ளுவது, முன்னால் நிறுத்துவது என்ற வினையிலிருந்து வந்தது. குழுவில் ஒரே ஒருவரை மட்டும் ஆதரித்தால் 'தன்-ஒஷி'. குழுவையே மொத்தமாக நேசித்தால் 'ஹகொ-ஒஷி'. ஹகொ என்றால் பெட்டி. நண்பனைப் பார்த்தால் "ஒஷி வா தரெ?" என்று கேள், அரை மணி நேரம் அவன்தான் பேசுவான். உனக்குக் கேட்டுப் பழக நல்ல பயிற்சி.

கேள்வி: இந்தச் சொற்கள் ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வுக்கு உதவுமா?
– வாசகர், வேலூர்

கொஞ்சம் உதவும். எண்ணுச்சொற்கள், 'கா ஸுகி' இரண்டும் தொடக்க நிலையிலேயே வரும். ஆனால் அந்தத் தேர்வில் பேசச் சொல்லும் பகுதியே கிடையாது. பேசுவதற்கு இது, தேர்வுக்குப் பாடப்புத்தகம் என்று இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் தவில் கலைஞன். ஜப்பானிய மேளக் கலைஞர்களோடு பேச ஆசை. 'வாசிப்பது' என்பதற்கு ஜப்பானியத்தில் என்ன சொல்?
– திருவாரூர் மாவட்டம்

ஐயா, உங்கள் கடிதத்தைக் கடைசியாக வைத்தது விரிவாகப் பதில் எழுதத்தான்.

தமிழில் நாம் எல்லாவற்றையும் வாசிக்கிறோம் என்று சொல்லிவிட முடியும். ஜப்பானியத்தில் கருவிக்குக் கருவி வினை மாறும். கம்பியும் கட்டையும் உள்ளவற்றுக்கு 'ஹிகு'. கிட்டார், பியானோ, ஷமிஸென் எல்லாம் ஹிகு. ஊதுகருவிக்கு 'ஃபுகு'. ஷகுஹசி என்ற மூங்கில் குழலும் சாக்ஸபோனும் அதில் வரும். உங்களோடு வாசிக்கும் நாகஸ்வரமும் அதே வகை. அடிக்கும் கருவிகளுக்குத் 'ததகு'. தைகொ என்ற அவர்களுடைய பெரிய மேளத்துக்கு 'உட்சு' என்றும் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சொல்ல வேண்டுமானால் 'என்ஸோ ஸுரு', மேடை மொழி. தானே வாசித்துக்கொண்டு தானே பாடினால் 'ஹிகிகதரி'.

ததகு என்றதும் நம் 'தட்டு' உங்கள் காதில் விழுந்திருக்கும். ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் எழுதினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. நினைவில் வைக்க அந்த ஓசை ஒற்றுமையைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். உறவு என்று மேடையில் முழங்க வேண்டாம்.

நீங்கள் தேட வேண்டிய குழுவின் பெயர் கொதோ. ஸதோ தீவில் இருந்துகொண்டு, 1981 முதல் உலகமெங்கும் தைகொ வாசித்துவரும் குழு. மேளம், குழந்தை என்ற இரண்டு எழுத்துகளால் பெயரை எழுதுகிறார்கள். காதால் கேட்டால் இதயத்துடிப்பு என்ற சொல்லும் அதே ஓசைதான். 1988-இல் தொடங்கி ஸதோவில் ஒரு விழா நடத்தி வருகிறார்கள், வெளிநாட்டுக் கலைஞர்களும் வந்து வாசிப்பார்கள். டோக்கியோவிலிருந்து ஷின்கன்ஸென் ரயிலில் நீகதா போய், துறைமுகத்தில் கப்பல் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் தீவு.

கடிதம் எழுதுவதென்றால் முதல் வாக்கியம் இப்படி இருக்கட்டும்: "மினமி இந்தொ நொ தைகொ, தவில் ஒ ததைதெ இமஸு." தென்னிந்தியாவின் மேளமான தவிலை வாசிக்கிறேன். அடுத்த வாக்கியம்: "இஷ்ஷொ நி ததகிதை தெஸு." உங்களோடு சேர்ந்து வாசிக்க ஆசைப்படுகிறேன். கூடவே நீங்கள் வாசித்த ஒரு தனி ஆவர்த்தனத்தின் ஒலிப்பதிவையும் அனுப்புங்கள். கடிதத்தை அனுப்பும் முன் எனக்கு ஒரு பிரதி போடுங்கள், எழுத்துகளைச் சரிபார்த்துத் தருகிறேன்.